கேள்வித்தாளுக்குக் காது இல்லை: விருதுநகர் வட்டாரத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம்

ஆங்கிலப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதும் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதும் ஒரே வேலைதானா? 1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் மெட்ரிகுலேஷன் நடத்திய காலத்திலிருந்தே தமிழ்நாட்டு வகுப்பறைகளில் இந்தக் கேள்வி தீராமல் கிடக்கிறது. பதில்களுக்குப் பஞ்சமில்லை. இலக்கணமும் மொழிபெயர்ப்பும் போதும் என்றார்கள். காதில் விழுந்து பழகாத மொழி வாயில் வராது என்றார்கள். நல்ல புத்தகங்களைக் கையில் கொடுத்துவிட்டு வாத்தியார் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்றார்கள். கேள்வித்தாளை மாற்றுங்கள், மற்றதெல்லாம் தானாக மாறும் என்றார்கள். ஒவ்வொரு பதிலும் கொஞ்ச காலம் பாடத்திட்டத்தில் இருந்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் அடுத்ததற்கு இடம் விட்டிருக்கிறது.

இந்தப் பதில்களை எடை போட்டுப் பார்க்க விருதுநகர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் மாநில முதலிடம் என்பது இந்த மாவட்டத்துக்குப் பழகிப்போன செய்தி. ஆனால் 2018 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்த வளர்ச்சியை நாடும் மாவட்டங்களின் பட்டியலிலும் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இரண்டில் ஒன்று விருதுநகர், மற்றது ராமநாதபுரம். அதே 2018 மே மாதம் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்தில் முதலிடமும் விருதுநகருக்கே. 2023-இல் 97.85 சதவீதத்துடன் மறுபடியும் முதலிடம். பின்தங்கிய மாவட்டம், முந்திய ரிசல்ட் என்ற இந்த இரண்டு முகங்களையும் சேர்த்துப் பார்க்காமல் இங்கே ஆங்கிலத் தேர்வைப் பற்றிப் பேச முடியாது.

தாளைப் பிரித்துப் பார்த்தால்

முதலில் தாள். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் முன்பு இரண்டு தாள்கள் இருந்தன. 2019-20 கல்வியாண்டில் அவற்றை ஒன்றாக்கினார்கள். கொரோனாவால் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் எல்லோருக்கும் தேர்ச்சி அறிவிக்கப்பட்டதால், ஒற்றைத் தாளை மாணவர்கள் நிஜமாக எழுதியது 2022 மே மாதத்தில்தான். நூறு மதிப்பெண் இப்படிப் பிரிகிறது: ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, எட்டு மதிப்பெண்ணில் 2.

கேட்டுப் புரிந்துகொள்வதற்கு இந்த நூறில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. படிப்பதற்கு இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் கொஞ்சம். மாணவர் இதற்கு முன் கண்ணால் பார்த்திராத பத்தி ஒன்றைப் படித்து விடையளிப்பது 47-ஆவது கேள்வி, எட்டு மதிப்பெண். கொடுத்த பத்தியிலிருந்து குறிப்பெடுப்பதற்கு ஐந்து மதிப்பெண், அதுவும் சாய்ஸில். ஆகப் படிப்புத் திறனை நேரடியாகச் சோதிப்பது அதிகபட்சம் 13. மற்றவை பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே படித்த உரைநடை, செய்யுள், துணைப்பாடக் கதை, இலக்கணம், கடிதம், விளம்பரம், படம் பார்த்து எழுதுதல், மனப்பாடச் செய்யுள்.

தேர்ச்சிக்கு 35 வேண்டும். ஆங்கில ஆசிரியர்கள் ஓய்வறையில் விரல்விட்டுப் போடும் கணக்கு ஏறத்தாழ இதுதான்: மெமரி போயம் 5, ரோடு மேப் 2, விளம்பரம் 5, கடிதம் 5, படம் 5, கதை வாக்கியங்களை வரிசைப்படுத்துவது 5. மொத்தம் 27. ஒன் மார்க் பதினான்கில் எட்டு சரியாகிவிட்டால் 35. முழு மதிப்பெண் விழுந்தால் என்ற நிபந்தனை இருக்கிறது. ஆனாலும் கணக்கு கணக்குதான். புதிய பத்தி ஒன்றைத் தொடாமலே, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமும் காதில் வாங்காமலே கரையேறலாம் என்று தாளே வழி சொல்கிறது. தேர்வு தொடங்கும் முன் கேள்வித்தாளைப் படிக்கப் பத்து நிமிடம் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கேள்வியின் வாசகத்தை அல்ல, கேள்வி எண்ணைத் தேடும் கண்களே அதிகம்.

மனப்பாடத்தின் நியாயம்

இந்தத் தயாரிப்பு முறையைக் கிண்டல் செய்வது எளிது. கல்வியாளர்கள் பலர் அதை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்தில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. அந்த நியாயம் தீப்பெட்டியிலிருந்தும் பட்டாசிலிருந்தும் வருகிறது.

1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் இருவரோடு தொடங்கியது சிவகாசியின் தொழில் வரலாறு. வானம் பார்த்த கரிசல் பூமியில் அது சோறு போட்டது; குழந்தைகளையும் வேலைக்கு இழுத்தது. விடியும் முன்னே கிராமத்துக்கு வந்து பிள்ளைகளை அள்ளிச்சென்ற கம்பெனி வண்டிகளைப் பற்றி 1980-களில் நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, அபாயகரமான தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தக் குழந்தை பள்ளிக்குப் போக வேண்டும் என்றது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும் இங்கே நடந்தன. அன்று ஆலையில் இருந்து மீட்கப்பட்டவர்களின் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இன்று வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, சாத்தூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வயதினர்.

அந்தக் குழந்தைக்கு வீட்டில் ஆங்கிலம் படித்துக்காட்ட ஆளில்லை. எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால், வாக்கியம் கூட்டிப் படிக்கத் தடுமாறும் நிலையிலேயே ஒன்பதுக்கு வந்துவிடுபவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் 'மினிமம் மெட்டீரியல்' வந்தது. மெல்லக் கற்போர் கையேடு என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். பள்ளியில் எல்லோரும் மினிமம் மெட்டீரியல் என்றே சொல்வார்கள். அரையாண்டு முடிந்ததும் ஃபெயிலானவர்கள் பட்டியல், காலை ஸ்டடி, மாலை ஸ்பெஷல் கிளாஸ், ஸ்லிப் டெஸ்ட், ஒரு செய்யுளை நான்கு வரிகளாக வெட்டித் தினம் ஒப்பிக்க வைப்பது. சலிப்பூட்டும் வேலை, ஆனால் ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்ற பிடிவாதம் அதில் இருக்கிறது. பிடி அரிசி சேர்த்துப் பள்ளி நடத்திய ஊர் விருதுநகர். காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்ததுதான். எல்லோரையும் கரைசேர்ப்பது என்ற பழைய ஊர்க் கௌரவத்தின் இன்றைய வடிவம் மினிமம் மெட்டீரியல் என்று சொன்னால் மிகையாகாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் ஐ.டி.ஐ.யின் பல பிரிவுகள் இல்லை, பாலிடெக்னிக் இல்லை, பெரும்பாலான அரசு வேலைகளுக்கு விண்ணப்பமே இல்லை. பட்டாசு ஆலையின் கேட்டுக்கு வெளியே ஒரு வாசல் திறக்க அந்த 35 தேவைப்படுகிறது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. கரையேற்றும் உத்தி தேவைப்படாத மாணவர்களுக்கும் அதுவே பாடமாகிவிடுகிறது. அறுபது, எழுபது எடுக்கக்கூடிய பிள்ளையும் அதே விளம்பர வாசகத்தை, அதே கடிதத்தை, அதே மூன்று வரி வழிகாட்டலை உருப்போடுகிறது. மதிப்பெண் ஏறுகிறது. பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக் கணினிப் பாடத்தின் ஒரு பக்கத்தைத் தனியாகப் படிக்கச் சொன்னால் அந்த மதிப்பெண் எந்த உதவிக்கும் வருவதில்லை.

கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்களிடம் ஏசர் அமைப்பு 2023-இல் எடுத்த கணக்கெடுப்பு இங்கே உதவும். எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். அப்படிப் படித்தவர்களில் பொருள் சொல்ல முடிந்தவர்கள் ஏறத்தாழ முக்கால் பங்கு. தமிழ்நாட்டில் அந்தக் கணக்கெடுப்புக்கு எடுத்த மாவட்டம் பெரம்பலூர். விருதுநகருக்கு இந்த எண்களை அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. ஆனாலும் பெரம்பலூரும் தேர்ச்சி விகிதத்தில் முன்வரிசையில் நிற்கும் மாவட்டம் என்பதை நினைவில் வைக்கலாம்.

புத்தகக் கட்சி

ஆங்கிலத்தில் இந்திய மாணவருக்கு முதலில் தேவைப்படுவது பேச்சல்ல, படிப்பு என்று வாதிட்டவர்களில் மைக்கேல் வெஸ்ட் முக்கியமானவர். டாக்காவில் பணியாற்றிய கல்வி அதிகாரி. வங்கத்துப் பள்ளிகளைப் பற்றி 1926-இல் அவர் வெளியிட்ட இருமொழி ஆய்வு இன்றும் படிக்கத் தக்கது. பள்ளிக்கூடத்தை எந்த வகுப்பில் விட்டு நின்றாலும் அதுவரை கற்றதில் பிள்ளையின் கையில் மிஞ்சுவது என்ன என்று கேட்டார் அவர். ஆயுள் காப்பீட்டு பாலிசியைப் பாதியில் சரண்டர் செய்தால் கிடைக்கும் தொகையின் பெயரையே அதற்கு வைத்தார். அரைகுறைப் பேச்சு சில மாதங்களில் மறந்துபோகும். எளிய நூலைத் தானாகப் படிக்கும் பழக்கம் மிஞ்சும் என்பது அவர் கணிப்பு. அதற்காகச் சொற்களை எண்ணிக் கட்டுப்படுத்தி வாசிப்பு நூல்களும் எழுதினார்.

பத்தாம் வகுப்போடு கணிசமானவர்கள் வேலைக்குத் திரும்பிய வட்டாரத்துக்கு வெஸ்டின் கேள்வி கச்சிதமாகப் பொருந்துகிறது. 1980-களின் தொடக்கத்தில் ஃபிஜித் தீவின் கிராமப் பள்ளிகளில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் இருவரும் நடத்திய சோதனை அவர் பக்கத்துக்கு வலு சேர்த்தது. சுவையான ஆங்கிலக் கதைப்புத்தகங்களை வகுப்பறையில் குவித்தார்கள். ஆசிரியர் வாசித்துக் காட்டினார் அல்லது பிள்ளைகள் தாமாகப் படித்தார்கள். சில மாதங்களிலேயே அவர்கள் படிப்பில் மட்டுமல்ல, கேட்டுப் புரிந்துகொள்வதிலும் மற்ற வகுப்புகளை முந்தினார்கள். புத்தகம் காதையும் வளர்த்தது என்பதே அந்த முடிவில் கவனிக்க வேண்டியது.

குறை என்ன? வெஸ்டின் திட்டம் நூலகத்தை நம்பியிருக்கிறது. நூலகப் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அது கேட்பதில்லை. நோட்டுப் புத்தகமும் டைரியும் காலண்டரும் பாடநூலும் லாரி லாரியாக அச்சாகிப் போகிற ஊர் சிவகாசி. அந்த ஊர்ப் பிள்ளை பாடப்புத்தகத்துக்கும் கைடுக்கும் அப்பால் ஒரு ஆங்கிலக் கதைப்புத்தகத்தை முழுதாகப் படித்து முடித்துவிட்டுப் பத்தாம் வகுப்பைத் தாண்டுகிறதா என்பது கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. பத்தாம் வகுப்புத் துணைப்பாடத்தில் 'தி டெம்பஸ்ட்' கதை இருக்கிறது, முலான் கதை இருக்கிறது, ஜூல்ஸ் வெர்ன் பெயரில் வந்த 2889-ஆம் ஆண்டுக் கதை இருக்கிறது. ருசியான தேர்வுதான். ஆனால் தேர்வுக் கண்ணில் அவை கதைகள் அல்ல; குறிப்புகளை விரித்தெழுதும் எட்டு மதிப்பெண், வாக்கியங்களை வரிசைப்படுத்தும் ஐந்து மதிப்பெண். கைடில் ஒவ்வொரு கதைக்கும் பதினைந்து வரிச் சுருக்கம் இருக்கிறது. பிள்ளை படிப்பது அந்தப் பதினைந்து வரியை.

காதுக் கட்சி

எதிர்க்கட்சி ஹரால்ட் பாமரிடமிருந்து தொடங்குகிறது. 1920-களில் தோக்கியோவில் ஆங்கிலப் போதனை ஆய்வுக்கென ஒரு நிறுவனத்தை நடத்திய அவர், மொழி முதலில் ஒலி, பிறகுதான் எழுத்து என்றார். சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை மாகாணம் இந்த வழியில் ஆர்வத்தோடு நடந்தது. 1950-களில் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக அடுக்கிய பாடத்திட்டம் வந்தது. வாய்மொழிப் பயிற்சிக்கு ஆசிரியர்களைத் திரட்டிப் பழக்கிய பெரும் இயக்கமும் அந்தப் பத்தாண்டின் இறுதியில் நடந்தது. ஹைதராபாத்தில் 1958-இல் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனம் நாடு முழுதும் இதற்கான பயிற்சியாளர்களை உருவாக்கியது. ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி ஒரு வாக்கியம் சொல்ல, வகுப்பே திருப்பிச் சொல்லும் காட்சி அந்தத் தலைமுறைக்கு மறந்திருக்காது.

அந்த முறை தோற்றதன் காரணங்களை ஆய்வு நூல்களில் தேட வேண்டியதில்லை. கேட்கத் தகுந்த ஆங்கிலம் பேசும் ஒருவர் வகுப்பில் இருக்க வேண்டும் என்பது அதன் முன்நிபந்தனை. ஒரு மாதப் பயிற்சியில் அது வந்துவிடாது. சேர்ந்து சத்தம் போடுவது கேட்பதாகிவிடாது என்பதும் பிறகுதான் உறைத்தது.

இன்றைய பாடநூல்களில் காதுக் கட்சி மறுபடி இடம்பிடித்திருக்கிறது. 2018-க்குப் பிந்தைய புத்தகங்களில் ஒவ்வொரு அலகிலும் கேட்டல் பயிற்சி உண்டு. க்யூஆர் கோடு உண்டு. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்திருக்கிறது, ஹெட்போன் இருக்கிறது. ஆனால் கேட்டல் பத்தியை ஆசிரியர் வாசிக்க வேண்டும், பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைத்துக் கேட்க வேண்டும் என்று புத்தகம் சொன்னாலும், அதே பத்தியும் விடையும் கைடில் அச்சாகியிருக்கும்போது மூடிவைப்பது யார்? ஜனவரிக்குப் பிறகு அந்தப் பக்கங்களைப் பெரும்பாலான வகுப்புகள் தாண்டியே போகின்றன. பொதுத்தேர்வில் இல்லாத பக்கத்துக்கு ரிவிஷன் கால அட்டவணையில் இடம் கிடைக்காது. ஆசிரியர்மேல் குற்றம் சுமத்த இதில் ஒன்றுமில்லை. ரிசல்ட் மீட்டிங்கில் அவரிடம் கேட்கப்படுவது பாஸ் பெர்சன்டேஜ் மட்டும்.

ஒரு வரைபடத்தின் பயணம்

28-ஆவது கேள்வியைக் கொஞ்சம் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சின்ன வரைபடம்: பள்ளி, வங்கி, பூங்கா, மருத்துவமனை, இரண்டு மூன்று தெருக்கள். புதிதாக வந்த ஒருவருக்கு வழி சொல்ல வேண்டும். இரண்டு மதிப்பெண், கட்டாயக் கேள்வி.

இந்த வரைபடத்துக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் என்.எஸ். பிரபு ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசையாகச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு புதிர்போன்ற வேலையைக் கொடுப்பது அவர் முறை. ரயில் அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியைப் பிடிக்கலாம் என்று சொல். இந்த வரைபடத்தில் இங்கிருந்து அங்கே போக வழி கண்டுபிடி. மனம் வேலையில் மூழ்கியிருக்கும்போது மொழி தன்போக்கில் உள்ளே இறங்கும் என்பது எண்ணம். முதலில் ஆசிரியர் வகுப்போடு வாய்மொழியாக ஒரு வேலையைச் செய்வார். பிறகு பிள்ளைகள் அதேபோன்ற இன்னொன்றைத் தனியாகச் செய்வார்கள். ஆகக் கேட்டலும் படிப்புமே அங்கு மையம். பேசச் சொல்லி யாரையும் வற்புறுத்தவில்லை. ஒலிப்பதிவுக் கருவி, படச்சுருள் என்று எதுவும் தேவைப்படவில்லை. கரும்பலகை, சாக்பீஸ், காகிதம் போதும். உலகெங்கும் ஆசிரியப் பயிற்சி நூல்களில் பேசப்படும் இந்தத் திட்டம் நம்மூரில் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பெரெட்டா, டேவிஸ் என்ற இருவர் அதை மதிப்பிட்டு 1985-இல் எழுதினார்கள். அவரவர் முறைக்கு ஏற்ற சோதனையில் அந்தந்த வகுப்பு முந்தியது. பொதுவான சோதனைகளில் பிரபுவின் வகுப்புகளுக்கு ஓரளவு சாதகம் தெரிந்தது. ஆனால் வகுப்புகள் சமமானவை அல்ல, பாடம் நடத்தியவர்களில் பலர் சாதாரண ஆசிரியரைவிடத் தேர்ந்தவர்கள் என்ற ஆட்சேபங்கள் எழுந்தன. அவை நியாயமானவை. பிரபுவே 1990-இல், எல்லா இடத்துக்கும் ஏற்ற ஒரே சிறந்த முறை என்று ஒன்றில்லை என வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினார்.

வரைபடம் பிழைத்துக்கொண்டது, தேர்வுத்தாளில் ஏறியும்விட்டது. ஏறிய பிறகு நடந்ததைப் பாருங்கள். நேராகப் போ, இடதுபுறம் திரும்பு, உன் வலதுபக்கம் தெரியும் என்ற மூன்று வாக்கியங்களை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். படத்தில் இடதா வலதா என்று பார்ப்பதுகூடச் சில விடைத்தாள்களில் இல்லை. யோசிக்க வைக்கவென்று கண்டுபிடித்த வேலை, யோசிக்காமல் இரண்டு மதிப்பெண் வாங்கும் வேலையாக மாறிவிட்டது. முறையைப் பற்றிய வாதம் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இது என்று எனக்குப் படுகிறது: நல்ல முறையையும் யூகிக்கத்தக்க கேள்வி செரித்துவிடும்.

தேர்வை மாற்றினால்?

அப்படியானால் தேர்விலேயே கை வைக்கலாமே என்பது நான்காவது நிலைப்பாடு. இதற்கு நமக்கு மிக அருகிலேயே ஒரு சான்று உண்டு. 1980-களின் இறுதியில் இலங்கை தன் சாதாரண தர ஆங்கிலப் பாடநூலையும் தேர்வையும் மாற்றியது. வகுப்பறைகளுக்குள் போய்ப் பார்த்து டயான் வால், சார்லஸ் ஆல்டர்சன் இருவரும் 1993-இல் எழுதிய அறிக்கையின் சாரம்: என்ன கற்பிக்கிறார்கள் என்பதைத் தேர்வு மாற்றியது, எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதை அது தொடவில்லை. புதிய கேள்விகளையும் பழைய பாணியில் விளக்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சும் கேட்டலும் தொடர் மதிப்பீட்டில் வரும் என்று திட்டமிட்டிருந்தார்கள். அந்தத் தொடர் மதிப்பீடு கைவிடப்பட்டது. படிப்பும் எழுத்தும் மட்டும் தேர்வில் நின்றன, வகுப்பும் அவற்றோடு நின்றது.

இங்கேயும் அதே கதைதான். பிளஸ் டூவில் 1200 மதிப்பெண் இருந்த காலத்தின் இறுதி ஆண்டுகளில் மொழிப்பாடங்களுக்குக் கேட்டல், பேசுதல் திறன் தேர்வு இருந்தது. தனித்தேர்வர்கள்கூட அதற்கு வந்து போக வேண்டியிருந்தது. பள்ளியே நடத்தி பள்ளியே போட்ட மதிப்பெண் அது. பெரும்பாலோருக்கு முழுசாகவோ அதை ஒட்டியோ விழுந்தது. இப்போது மேல்நிலையில் எழுத்துக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. சி.பி.எஸ்.இ. 2012-13-இல் பேசுதல், கேட்டல் மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அதன் தனி அடையாளம் போய்விட்டது.

கேட்டலைத் தேர்வில் நிலைநிறுத்திய நாடுகள் என்ன விலை கொடுத்தன? ஜப்பான் 2006-இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அதைச் சேர்த்தபோது ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சிறு ஒலிக்கருவி கொடுத்தது. 2021-இல் தொடங்கிய புதிய தேர்வில் படிப்புக்கு 100, கேட்டலுக்கு 100 என்று சமமாக்கியது. தென்கொரியாவில் ஆங்கிலத் தேர்வின் 45 கேள்விகளில் 17 கேட்டல். அந்த அரை மணி நேரத்துக்கு விமானங்கள் எழுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. இவ்வளவு செய்தும் அந்நாட்டுப் பிள்ளைகள் கேட்டல் தேர்வுக்கென்று தனி டியூஷன் போகிறார்கள், அதற்கும் உத்தி படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். சாத்தூர் அருகே ஒரு தேர்வு மையத்தில் மின்சாரமும் ஒலிபெருக்கியும் ஒரே நேரத்தில் ஒழுங்காக இருக்கும் என்று நம்பி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் தேர்வை நடத்த எந்த இயக்குநரும் தயங்குவார். இந்தத் தயக்கத்தைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. ஒரு மையத்தில் ஒலி சரியாகக் கேட்கவில்லை என்றால் நீதிமன்றம் வரை போகும்.

எந்த ஆங்கிலத்துக்கு?

எல்லாக் கட்சிகளும் எளிதாகக் கடந்துபோகும் கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைகளின் காதில் ஆங்கிலம் எங்கே விழப் போகிறது? பட்டாசு ஆர்டர் வட இந்தியாவிலிருந்து போனில் வருகிறது. அந்தப் பேச்சில் ஆங்கிலத்தைவிட இந்தி அதிகம். சிவகாசி வியாபாரிகள் தேர்வெழுதாமலே அதைப் பழகிக்கொண்டார்கள், தேவை இருந்தது, காது பழகிவிட்டது. படிக்கும் ஆங்கிலம் வேறு. அது இந்த வட்டாரத்தில் எங்கு திரும்பினாலும் அச்சில் இருக்கிறது. பட்டாசுப் பெட்டியின் பின்புறம் எப்படிப் பற்றவைப்பது, எவ்வளவு தள்ளி நிற்பது என்று பொடி எழுத்தில் ஆங்கிலம். வெடிபொருள் துறையின் உரிமம், ஒவ்வொரு அறையிலும் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்ற நிபந்தனைகள், பசுமைப் பட்டாசு பற்றிய 2018 அக்டோபர்த் தீர்ப்பு, எல்லாம் ஆங்கிலம். அதைப் படித்துச் சொல்ல ஆலையில் ஒரு ஃபோர்மேனோ ஒரு ஏஜென்டோ தேவைப்படுகிறார். வெடிவிபத்து நடந்த மறுநாள் செய்தியில் விதிமீறல் என்று வரும் சொல்லின் பின்னால் படிக்கப்படாத பக்கங்களும் இருக்கின்றன. அது மட்டுமே காரணம் என்று சொல்வது அநியாயம்.

இதை வைத்துப் பார்த்தால், கேட்டலும் படிப்பும் இரண்டும் வேண்டும் என்ற வழக்கமான சமரசத்தைவிட, வெஸ்டின் பக்கம் தராசு சற்றே சாய்கிறது. ஆனால் வெஸ்ட் எழுதிய காலத்தில் கைப்பேசி இல்லை. கோயம்புத்தூரிலோ ஒசூரிலோ வேலைக்குப் போகும் பாலிடெக்னிக் மாணவருக்கு முதல் சோதனை போன் இன்டர்வியூ. அங்கே காது கேட்காவிட்டால் படிப்பு பேசாது.

தீராதவை

எட்டு மதிப்பெண் பத்தியை இருபதாக உயர்த்தினால் என்ன ஆகும்? படிப்பு வளரும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. பிடி கொடுக்கும் கேள்விகள் குறைந்து, மெல்லக் கற்போர்தான் முதலில் விழுவார்கள் என்று மறுதரப்பு சொல்கிறது. இரண்டுக்கும் சாத்தியம் உண்டு. 2017-இல் ரேங்க் பட்டியல் ஒழிந்தபோது மாணவர்களுக்கிடையிலான போட்டி குறையும் என்று எதிர்பார்த்தார்கள். போட்டி மாவட்டங்களுக்கிடையிலும் பள்ளிகளுக்கிடையிலும் தொடர்ந்தது. மாவட்டத் தேர்ச்சி விகிதத்தை வெளியிடும் வரை எந்த மாவட்டமும் தானாக முன்வந்து தன் 35-ஐக் கடினமாக்கிக்கொள்ளாது.

ஒன்பதாம் வகுப்பு வேறு நிலைமையில் இருக்கிறது. அங்கே பொதுத்தேர்வு இல்லை, மாவட்ட ரேங்க் இல்லை. பிரபுவின் முறையையோ ஃபிஜியின் கதைப்புத்தகங்களையோ பரீட்சித்துப் பார்க்கத் தகுந்த ஆண்டு அதுதான். ஆனால் பத்தாம் வகுப்புப் பாடத்தை ஒன்பதின் கடைசிப் பருவத்திலேயே தொடங்கிவிடும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் சில அதை நிறுத்திவிட்டு ஒரு ஆண்டு முழுதும் படிக்கவும் கேட்கவும் விட்டால், அந்தப் பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு ரிசல்ட் கீழே போகுமா, அப்படியே இருக்குமா? இதைச் சொல்ல நம் கையில் முறையான தரவு வேண்டும். தேர்வுத் துறையிடம் ஒவ்வொரு மாணவரின் கேள்விவாரி மதிப்பெண்ணும் விடைத்தாளில் இருக்கிறது. 47-ஆவது கேள்வியில் விருதுநகர் மாவட்டம் சராசரியாக எவ்வளவு வாங்குகிறது என்பதை மட்டும் தனியாகக் கூட்டி வெளியிட்டாலே, இந்த விவாதத்தில் பாதி ஊகங்களுக்கு வேலை இருக்காது.